பல் வைக்காத பொம்மை

என் தம்பி எவோடியோ பல் செய்கிறவன். பல் பிடுங்குகிற டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவன் மெழுகில் செதுக்கி, அச்சு வார்த்து, பல் செட்டாகக் கட்டிக் கொடுப்பான். எங்கள் ஊரான அட்லிஸ்கோவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் இவன் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்கள். எங்கள் சோன் மாமா மேலும் கீழும் இவன் செட்டைத்தான் மாட்டியிருக்கிறார். அதற்கு நன்றியாக ஒரு வார்த்தை சொன்னதில்லை, கடிப்பது மட்டும் குறையவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஒரு மதியம், என் ரொட்டிக் கடைக்குப் பின்வாசல் வழியாக வந்தான். சட்டைப் பையிலிருந்து சோப்புக் கட்டி மாதிரி ஒன்றை எடுத்து மாவு பிசைகிற மேசைமேல் வைத்தான்.

"அக்கா, உன் அடுப்பு கொஞ்சம் வேணும்."

"ஏன், உன் உலைக்கு என்ன வந்தது?"

"அதுல வச்சா கரியாயிடுது." இன்னொரு பையிலிருந்து கறுப்பாக, குமிழி குமிழியாக எதையோ எடுத்துக் காட்டினான். நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"சீ! இது என்னடா கருமம்?"

"கோழி."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அந்தக் கட்டியைப் பாலிமர் களிமண் என்றான். பொம்மை செய்கிறவர்கள் வாங்குவதாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெயிலில் காய வைக்க வேண்டாம். எத்தனை நாள் வெளியே கிடந்தாலும் மெத்தென்றே இருக்கும். இளஞ்சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் அப்படியே இறுகிவிடும். அவன் உலை பல் அச்சிலிருந்து மெழுகை எரித்து விரட்டுகிற உலை. அதற்கு இளஞ்சூடு என்றால் என்னவென்றே தெரியாது.

"நகக்கண்ணு வரைக்கும் செதுக்கலாம்க்கா. மெழுகைவிட நல்லா நிக்குது."

"சரி, அதை வச்சு என்ன பண்ணப் போறே?"

"ரோஸ்காவுக்குள்ள வைக்க. இந்த வருஷம் குழந்தை வேணாம். வேற ஏதாவது."



ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று எல்லோர் வீட்டிலும் வளையமாகச் சுட்ட ரோஸ்கா ரொட்டியை வைத்து, ஆளுக்கொரு துண்டு அவரவரே வெட்டிக்கொள்வோம். உள்ளே எங்கோ விரல்நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குழந்தை இருக்கும். யார் துண்டில் குழந்தை வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டு, மெழுகுதிரித் திருநாளன்று மொத்தக் குடும்பத்துக்கும் தமால் செய்து போட வேண்டும். சோளமாவைப் பிசைந்து, உள்ளே கறி வைத்து, ஒவ்வொன்றாகச் சோளத்தோகையில் பொதிந்து அவிப்பது இடுப்பை ஒடிக்கிற வேலை. அதனால் குழந்தை கிடைத்ததும் சத்தமில்லாமல் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்கிற திருடர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது சோன் மாமா. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டுத் தமாலை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தக் குழந்தைதான் இந்த வருஷம் வேண்டாம் என்றான் எவோடியோ. அவன் மனைவி நேலிடாவுக்காக.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. ஐந்து மாதம் இருந்தது. அக்டோபரில், வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நானும் எவோடியோவும் அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பெட்டி ஷூ டப்பா அளவுதான் இருந்தது.

அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. நவம்பரில், செத்துப்போன சின்னக் குழந்தைகளின் ஆத்மாவுக்குப் பூவும் பாலும் வைக்கிற நாளிலும் பேசவில்லை. கிறிஸ்துமஸ் இரவில் குடிலில் குழந்தை இயேசுவைக் கிடத்துவது என் வேலை. அன்று அவரை எடுத்துக் கைக்குட்டை அலமாரியில் ஒளித்து வைத்தேன். நேலிடா காலியான வைக்கோலைப் பார்த்தாள், தலைவலி என்று சொல்லி சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டாள். நல்லவேளை, குழந்தையை வைக்கவில்லை என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன். எனக்கு வாய் நீளம், புத்தி அவ்வளவு நீளமில்லை.

"ஆறாம் தேதி வரமாட்டேங்கறாக்கா," என்றான் எவோடியோ. "ரொட்டிக்குள்ள குழந்தை இருக்காது, வேற பொம்மைதான்னு சொன்னா ஒருவேளை வருவா. அவ இல்லாம நான் மட்டும் எப்படி மேசையில உக்கார்றது?"

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. அதைக் கேட்டபோது அவன் நின்ற தோரணை எனக்குப் பொறுக்கவில்லை.

"அடுப்பு ஆறுற நேரத்துக்கு வா. ஆனா நாத்தம் வந்துது, உன்னையும் சேத்து உள்ள தள்ளிடுவேன்," என்றேன்.

என்னுடையது செங்கல் அடுப்பு. காலை ரொட்டி இறங்கினபின் மெதுவாக ஆறிக்கொண்டே வரும். மதியம் போனபின் அதில் முட்டை வெள்ளைக்கருவில் செய்கிற மெரிங்கு வைப்பேன். அந்தச் சூடுதான் இவன் மண்ணுக்கும் வேண்டியிருந்தது. தினமும் மதியம் வந்தான். மெழுகுப் பல் செதுக்குகிற சின்னச் சின்னக் கத்திகளைத் துணியில் சுருட்டி எடுத்து வருவான். நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொள்வான். மாவு மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

முதலில் மண் அவன் சொன்னபடி கேட்கவில்லை. கைச்சூடு பட்டால் இளகி விரலோடு ஒட்டியது. ஒரு காது செய்து முடித்து மற்ற காதுக்குப் போனால் முதல் காது படுத்துவிடும். என் வெண்ணெய்ப் பெட்டிக்குள் வைத்து வைத்து எடுத்தான். விரல்ரேகை விழுந்தது, பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டுத் தடவினால் ரேகை மறைகிறது என்று கண்டுபிடித்துக் குதித்தான். கால் மெலிந்த இடத்தில் சுட்டதும் விரிசல் விட்டது. உள்ளே பல் கம்பி வைத்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. அக்டோபருக்குப் பிறகு அவன் எதற்கும் குதித்து நான் பார்க்கவில்லை.

நடுவில் நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன்.

"இதுவும் அடுப்புலதான் இறுகுது, ரொட்டியும் அடுப்புலதான் வேகுது. தனித்தனியா எதுக்குடா சுடறே? பச்சை மண்ணாவே மாவுக்குள்ள வச்சு உள்ள தள்ளு. ஒரே வேலையா முடியும். அப்பா காலத்துல பீங்கான் பொம்மையை அப்படித்தானே வச்சோம்?"

"பீங்கான் ஏற்கனவே சுட்டதுக்கா."

"வாயாடாம வை."

வைத்தான். மாவு உப்பும்போது, அவன் வைத்த பச்சைமண் சேவலை அமுக்கிப் பிசைந்து உருட்டியிருக்கிறது. வெட்டிப் பார்த்தால், லாரி ஏறின சேவல். அதன் முதுகு முழுக்க ரொட்டியின் பொத்தல் அச்சு. ரொட்டியோ புதுச் செருப்புக் கடை மாதிரி மணத்தது. தெருமுனைச் சொறிநாய்க்குப் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

"முப்பது வருஷ அனுபவம்," என்றான் எவோடியோ.

"மூடிட்டு உன் வேலையைப் பாரு."

வருஷம் பிறந்ததும் அவன் கை படிந்துவிட்டது. ஒரு பன்றி, ஒரு கழுதை, ஒரு சேவல், உரலில் உட்கார்ந்திருக்கிற ஒரு தவளை. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நுனியில் நிற்கும். கழுதையின் இமைமயிரை எண்ணலாம். பன்றியின் வாலில் சுருக்கம் தெரிந்தது. கிட்டே குனிந்து உற்றுப் பார்த்தேன்.

"டேய், இந்தச் சேவலுக்குப் பல்லு இருக்கு."

"எங்க?"

"எங்கயா? மேல எட்டு, கீழ எட்டு!"

எல்லாவற்றுக்கும் பல் வைத்திருந்தான். கழுதைக்கு, பன்றிக்கு, தவளைக்குக்கூட. வரிசை தப்பாத, விளம்பரத்தில் வருகிற பல். அவனுக்கே தெரியாமல் கை செய்திருக்கிறது. அந்தத் தவளையைப் பார்த்தால் நகராட்சித் தேர்தலில் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது.

திருநாளுக்கு இன்னும் மூன்று நாள். நேலிடா கடைக்கு வந்தாள்.

அவள் தையல்காரி. மெழுகுதிரித் திருநாளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் குழந்தை இயேசு சிலைக்குப் புது உடுப்பு மாட்டிக் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். அந்த உடுப்புத் தைப்பதில் அவளுக்கு நிகர் இந்த ஊரில் கிடையாது. மாதிரி வெட்ட வெண்ணெய்த் தாள் தீர்ந்துவிட்டது என்று கேட்க வந்தவள், நேராக உள்ளே வந்து மேசையருகில் நின்றுவிட்டாள். தட்டில் மிருகங்கள் ஆறிக்கொண்டிருந்தன. எவோடியோ பூதக்கண்ணாடியோடு விழித்தான்.

அவள் தவளையைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். அதன் வாயைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கை துடைக்கிற துணியோடு ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட.

"தவளைக்கு... கடைவாய்ப் பல்லு..."

நானும் சிரித்தேன், எவோடியோவும் சிரித்தான். ரொட்டி வாங்க வந்தவர்கள் முன்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவனை நான் கட்டிப் பிடித்திருப்பேன்.

பிறகு அவள் கேட்டாள். "இதெல்லாம் எதுக்கு?"

அவன் சொன்னான். ரோஸ்காவுக்குள் வைக்க. குழந்தைக்குப் பதிலாக. உனக்காக.

அவள் தவளையை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"எனக்காகவா, குடில்லயும் வைக்கல?"

"நான்தாம்மா எடுத்து வச்சேன்," என்றேன். "உன் மனசு..."

"அண்ணி, என் மடியில இப்ப எத்தனை குழந்தை கிடக்குதுன்னு தெரியுமா? வீடு முழுக்க வச்சிருக்கேன். ஒவ்வொண்ணா தூக்கி, அளவெடுத்து, கையை நுழைச்சுப் பாத்து, பட்டன் போட்டுப் படுக்க வைக்கிறேன். அதைப் பாத்து நான் செத்தா போயிட்டேன்? நீங்க எல்லாரும்தான் என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்தறீங்க. வாசல்ல ஒரு பிள்ளைத்தாச்சி போனா ஜன்னலைச் சாத்தறீங்க. எனக்கு ஒரு குழந்தை இருந்துச்சு. பல்லைப் புடுங்கிப் போட்ட மாதிரி நடந்துக்கறீங்க. பஞ்சை வச்சு அடைச்சாச்சு, ரத்தம் நின்னாச்சு, அவ்வளவுதான், இல்ல?"

எவோடியோ பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"நீ பாத்தே," என்றாள் அவனிடம். குரல் இறங்கிவிட்டது. "நான் மயக்கத்துல இருந்தேன். நீதான் பாத்தே. எப்படி இருந்தாள்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல."

"உனக்குத் தாங்காதுன்னு..."

"எனக்கா, உனக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முன்கடையில் யாரோ சில்லறை கேட்டார்கள். நான் நகரவில்லை.

"அவளைச் செய்," என்றாள் நேலிடா. "கோழியும் தவளையும் இவ்வளவு அழகா செய்யத் தெரியுதுல்ல? அவ முகத்தைச் செய். ரொட்டிக்குள்ள வை. ஊர்ல எல்லா வீட்டுக்கும் குழந்தை ரொட்டியிலதானே வருது. நம்ம குழந்தையும் வரட்டும்."

"சோன் மாமா கைக்குப் போனா?"

"போகட்டும். யார் கைக்கு வந்தாலும் எடுத்துக் காட்டி, 'இதோ இருக்கா'ன்னு ஒருத்தராவது சத்தமா சொல்லட்டும். எனக்கு அது போதும். நான் மேசையிலதான் பாப்பேன். அதுக்கு முன்னாடி காட்டாதே."

வெண்ணெய்த் தாளை மறந்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஓடிப்போய்த் தெருவில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு நடந்தாள்.

எவோடியோ அன்றே உட்கார்ந்தான். அவனிடமிருந்த வெள்ளையிலும் சிவப்பிலும் தவிட்டு நிறத்திலும் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்து, உள்ளங்கையில் பிசைந்துகொண்டே இருந்தான். "இந்த நிறமில்ல," என்று பிரித்தான், மறுபடி பிசைந்தான். நான் ரோஸ்கா மாவுக்கு ஆரஞ்சுத் தோல் துருவிக்கொண்டிருந்தேன். அவனைப் பார்க்காத மாதிரி இருப்பதுதான் அந்த நேரத்தில் நான் செய்யக்கூடிய உதவி.

முதல் தலையைச் செய்தான், நசுக்கினான். இரண்டாவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்து நசுக்கினான்.

"இது என்னடா, நல்லாத்தானே இருந்துது?"

"நல்லாத்தான் இருந்துது. அது கடையில விக்கிற குழந்தை. அவ இல்ல."

பிறகு பேச ஆரம்பித்தான். என்னிடம் இல்லை, கையிலிருந்த மண்ணிடம் பேசுகிற மாதிரி. நெற்றி பெரிசாக இருந்தது. கண் மூடியிருந்தது, இமை ஒட்டிப் பிறந்த பூனைக்குட்டி மாதிரி. இடது காது மேலே மடிந்திருந்தது, நம்ம அம்மாவுக்கு இருந்த மாதிரியே. ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்திருந்தாள், ஏதோ யோசிக்கிறவள் மாதிரி. நர்ஸ் துணியை மூடப் போனாள், இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்டேன் என்றான். கொடுத்தாள். நல்லவள். சொல்லச் சொல்ல அவன் கத்தி முனை போய்க்கொண்டே இருந்தது. அழுதுகொண்டே செதுக்கினான். ஒரு தடவைகூடக் கை நடுங்கவில்லை.

காதை மடித்து முடித்ததும் பின்னால் சாய்ந்தான். நான் அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"பல்லு வைக்கல," என்றேன்.

"அவளுக்கு எங்கக்கா பல்லு."

நான் பின்கட்டுக்குப் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

சுடுவதில் சிக்கல் வந்தது. ரோஸ்கா விற்பனை தொடங்கிவிட்டது. இனி ஆறாம் தேதி சாயங்காலம்வரை என் அடுப்பு ஆறாது, அதில் வைத்தால் கருகிவிடும். அவன் உலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடைசியில் நானே சொன்னேன், உன் வீட்டு அடுப்பில் வைப்போம் என்று.

இந்த ஊரில் வீட்டு அடுப்புக்குக் கீழே இருக்கிற ஓவன் என்பது பாத்திரம் அடுக்குகிற இடம். யாரும் அதைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் ரொட்டியை என்னிடம்தானே வாங்குகிறார்கள். நாங்கள் போய் நின்றதும் நேலிடா ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வாணலி, ரொட்டிக்கல், மண்சட்டி, கேக்கே செய்யாத கேக் அச்சு, மூடி இல்லாத பானை, பானை இல்லாத மூடி என்று ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள்.

"கல்யாணத்துக்குக் கொடுத்த சட்டி இங்கயா இருக்கு!" என்றேன். "தொலைஞ்சு போச்சுன்னு சொன்னே?"

"உங்க தம்பி தீய்ச்சுட்டாரு அண்ணி. ஒளிச்சு வச்சேன்."

திருகில் எண் எல்லாம் தேய்ந்து போயிருந்தது. எவோடியோ பட்டறையிலிருந்து வெப்பமானி கொண்டு வந்திருந்தான். தீயை எவ்வளவு இறக்கினாலும் சூடு ஏறிக்கொண்டே போனது. நான் கதவிடுக்கில் மரக்கரண்டியைச் செருகிக் கொஞ்சம் திறந்து வைத்தேன், முள் இறங்கி நின்றது. ஓடு ஒன்றில் சோளமாவு தூவி, அதன்மேல் பொம்மையைப் படுக்க வைத்து, நிறம் மாறாமலிருக்க மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாக மடித்து வைத்திருந்தான். அதனால் நேலிடா கண்ணுக்கும் தெரியவில்லை. அதை ஓட்டோடு வாங்கி, அவளே உள்ளே வைத்தாள்.

மூன்று பேரும் அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் சட்டி பானை. தையல் மேசைமேல் வரிசையாக ஊர்வீட்டுக் குழந்தை இயேசுக்கள், பாதி உடுப்போடும் வெறும் உடம்போடும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கில் வந்த சூடு எங்கள் முழங்காலில் பட்டது. நேலிடா தன் உள்ளங்கையை அந்தச் சூட்டில் காட்டி வைத்துக்கொண்டாள். எவோடியோ அவள் தோளில் சாய்ந்துகொண்டான். யாரும் பேச்சை மாற்றவில்லை, யாரும் ஜன்னலைச் சாத்தவும் இல்லை.

ஆறினபின் பல் செட்டுக்கு மேலே கொடுக்கிற அதே பூச்சை மூன்று தடவை கொடுத்தான். "ஆயுசுக்கும் வாய்க்குள்ள கிடக்கிற சாமானுக்கு இதைத்தான் பூசறோம். ரொட்டியில தாராளமா வைக்கலாம்," என்றான்.

ஆறாம் தேதி மாலை. ரோஸ்காவை நான் என் கையால் செய்தேன். சுட்டு ஆறவைத்து, அடிப்பக்கம் கீறி, அவளை உள்ளே வைத்து மூடினேன். வைத்த இடம் எனக்கே தெரியாமலிருக்க, தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிவிட்டேன். என் வீட்டு மேசையில் ஒரு டஜன் பேர். சோன் மாமா வந்ததும் தட்டை இன்னொரு சுற்றுச் சுற்றினார். ஜோசியம் பார்க்கிறாராம்.

நேலிடா வந்திருந்தாள். எவோடியோவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

ஒவ்வொருவராக வெட்டினார்கள். என் துண்டில் ஒன்றுமில்லை. எவோடியோ வெட்டியபோது அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை, அவனுக்கும் இல்லை. நேலிடா வெட்டினாள், பிய்த்து மெதுவாகச் சாப்பிட்டாள். சாக்லேட் சுற்றி வந்தது. கடைசித் துண்டும் முடிந்தது. தட்டில் சர்க்கரையும் தூளும்தான் மிச்சம்.

"யாருக்கு விழுந்தது?" என்றேன்.

எல்லோரும் சோன் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?"

"மாமா, வாயைத் திற," என்றேன். "இந்த வருஷம் விளையாட்டு இல்ல. இருந்தா குடுத்துடு. தமால் நானே செய்யறேன்."

"இல்லைங்கறேன்!"

"கன்னத்துல என்ன வீக்கம்?"

"அது என் கன்னம்டி!" என்று கத்தியவர், மேல் செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். கீழ் செட்டையும் கழற்றி வைத்தார். ஈறு தெரிய வாயை ஆவென்று பிளந்தார். ஒன்றுமில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நேலிடா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது விழுங்கிவிட்டார்களா? தூளோடு தூளாகக் குப்பைக்குப் போய்விட்டதா? மற்றவர்கள் கிளம்பினபின் குப்பைக் கூடையைக் கொட்டிக் கிளறினேன், நாய்க்கு வைத்த தட்டைக்கூடப் பார்த்தேன். எவோடியோ வாசலில் நின்று, "விடுக்கா," என்று மட்டும் சொன்னான். 'இதோ இருக்கா' என்று ஒருத்தர் சத்தமாகச் சொல்லட்டும் என்று கேட்டாளே, அந்த ஒன்றைக்கூட எங்களால் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு ஆறவேயில்லை. அவளோ பேசாமல், தலையை மட்டும் ஆட்டி விடைபெற்றுக்கொண்டு அவன் கையைப் பிடித்துப் போய்விட்டாள். அந்த மாதம் முழுக்க நான் கடையில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி, யாருக்கும் குழந்தை விழாததால் தமாலுக்குப் பணம் போட்டுக் கடையில் வாங்கலாம் என்று பேசி வைத்திருந்தோம். கோயில் முடிந்து எல்லோரும் என் வீட்டில் கூடினபோது, எவோடியோ ஆவிப் பானையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். பின்னால் நேலிடா.

"இது யார் செஞ்சது?" என்றார் சோன் மாமா.

"நான்தான்," என்றாள் நேலிடா. "எனக்குத்தான் விழுந்தது."

ஏப்ரன் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, மேசை நடுவில் வைத்தாள். உள்ளே வெள்ளை உடுப்பில் படுத்திருந்தாள். அந்த விரல்நுனி உடம்புக்குக் கழுத்தில் சரிகை, கையில் மடிப்பு, தலைக்கு ஒரு தொப்பி. மடிந்த காது தெரிவதற்காகத் தொப்பியை ஒரு பக்கம் தூக்கித் தைத்திருந்தாள்.

"இதோ இருக்கா," என்றாள் சத்தமாக. "பேரு ஹசிந்தா. நாங்க முன்னாடியே வச்ச பேரு."

யாரும் பேச்சை மாற்றவில்லை. சோன் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"எங்க அக்கா காது," என்றார். "அப்படியே எங்க அக்கா காது." உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தார். "வாடிம்மா ஹசிந்தா, தாத்தா கிட்ட வா." அவரிடமிருந்து அத்தைக்கு, அத்தையிடமிருந்து மற்றவர்களுக்கு, கை மாறி கை மாறி மேசையைச் சுற்றி வந்தாள். எல்லோரும் பேரைச் சொல்லித்தான் வாங்கினார்கள்.

என் கைக்கு வந்தபோது நேலிடாவிடம் கேட்டேன். "அன்னைக்கே ஏன்மா சொல்லல? நான் குப்பையெல்லாம் கிளறினேன். மாமா பல்லைக் கழட்டி வச்சாரு. அப்ப எங்க வச்சிருந்தே?"

அவள் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"சொல்லணும்னுதான் அண்ணி இருந்தேன். வெட்டினதும் முகம் தெரிஞ்சுது. சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லிட்டா உடனே எல்லார் கைக்கும் போயிடுவா. இன்னும் கொஞ்ச நேரம் எனக்குள்ளயே இருக்கட்டும்னு தோணுச்சு."

எனக்கு வாய் நீளம் என்று சொல்கிற ஊர் அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும். அவளைத் திரும்ப அவள் அம்மா கையில் வைத்தேன். பானையைத் திறந்து ஆளுக்கு இரண்டாகத் தமாலைப் பரிமாறினேன். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். நான் சொல்லவில்லை.